ஒரு ரூபாய்க் கனம்

ஃபார்கோ பிக்கப். அறுபத்துமூன்றாம் வருஷத்து வண்டி.
மன்னார்குடியில், பாமணி ஆற்றங்கரையில்,
என் பட்டறைத் தகரத்தின் கீழே
கதவில்லாமல் நிற்கிறது பதினோரு நாளாக.

இடக் கதவுக்கு அண்ணன் உத்திராபதி முன்பணம் கொடுத்தார்.
வலக் கதவு தம்பி வைத்தியலிங்கத்தின் கணக்கு.
நிலம் பிரித்தார்கள், போர்செட்டுக்கு முறை பிரித்தார்கள்,
வண்டியைப் பிரிக்கத் தெரியாமல்
ஆளுக்கொரு கதவு.
ஒருவர் வரும் நாளில் மற்றவர் வரமாட்டார்.
"எதிர்ப்பக்கத்துக்கு என்ன ரப்பர்?"
என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.

முதலில் ரப்பர் போடக் கூடாது.
சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.
ரப்பர் உப்பிக் கோணலை மறைத்துவிடும்.
வெறும் தகரத்தைத் தகரத்தோடு நிறுத்திப் பார்க்க வேண்டும்.
கதவுக்கடியில் ஜாக்கி, ஜாக்கி மேல் மடித்த சாக்கு,
கீல் போல்ட்டுக்கு முக்கால் இறுக்கம்.
"இன்னும் ஒரு நூல்" என்பான் சாகுல், படுத்தவாக்கில்.
ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம்.
சாகுலின் நூல் அதைவிட மெல்லிசு.

ரூபாய் நாணயத்தை இடுக்கில் ஓட்டினேன்.
மேலே ஓடியது. நடுவே ஓடியது.
பூட்டுக்குக் கீழே நின்றுவிட்டது.

வழக்கு நடந்த இரண்டு ஐப்பசியும்
ஒரு சக்கரம் சேற்றில் புதைய நின்ற வண்டி;
கூண்டே முறுக்கிக்கொண்டிருந்தது.
சேஸுக்கும் கூண்டுக்கும் நடுவே
பிஸ்கட் டின்னை வெட்டித் தகடு வைத்தேன்.
இடம் சரியானது. வலம் போயிற்று.
வலத்தைப் பிடித்தேன், இடம் வாயைத் திறந்தது.
அந்த நான்கு நாளை யார் பக்கம் எழுத?
டீச் செலவு என்று எழுதினேன்.

பிறகுதான் ரப்பர்.
சோப்புத் தண்ணீர் தொட்டு, பள்ளத்தில் செருகி,
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும், இழுக்காமல்.
இழுத்துப் போட்டது பங்குனியில் சுருங்கி
மூலையில் பல்லைக் காட்டும்.

சாக்பீஸ் தூள் பூசிச் சாத்தித் திறந்தேன்.
வெள்ளைக் கோட்டில் ஒரு சாண் காணவில்லை.
கீலை இன்னொரு சாகுல் நூல் தள்ளினேன்.
டேஷ்போர்டில் கிடந்த நெல் கொள்முதல் ரசீதைக்
கதவிடுக்கில் கொடுத்து இழுத்தேன்.
வரவில்லை. கிழிந்தது.
நல்லது.

இன்று பார்த்து இருவரும் வந்துவிட்டார்கள்.
அண்ணன் இடப்பக்கம் ஏறிச் சாத்தினார்.
பரங்கிக்காயைத் தட்டின சத்தம்.
தம்பி ஸ்டியரிங் பக்கம் ஏறிச் சாத்தினார்.
திரும்பி வந்தது. அறைந்தார். திரும்பி வந்தது.
"என் கதவுதான் கோளாறாக்கும்?"

கோளாறில்லை.
இத்தனை வருஷம் ஓட்டையில் போய்வந்த காற்று,
இப்போது போக வழியில்லாமல் உள்ளே நிற்கிறது.
"அந்தப் பக்கக் கண்ணாடியை
ரெண்டு விரக்கடை இறக்கினால் சாத்திக்கும்" என்றேன்,
ஸ்பானரைப் பார்த்துக்கொண்டு.

ஆற்றில் யாரோ மோட்டார் போட்டு நிறுத்தினார்கள்.
கண்ணாடிக் கைப்பிடி பழசு, மாற்றவில்லை.
கிரீச்சென்று ஒரு சுற்று.
கொஞ்சம் பொறுத்து, இன்னொரு அரைச் சுற்று.

கூலி பாக்கி இருக்கிறது.
இரண்டு ரசீதாக வேண்டுமாம்.