படியில்லாத வாசல்

துலூத் நகரத்தில் சமதளம் என்றால்
ஏரி ஒன்றுதான்.
மற்றதெல்லாம் சரிவு.

காரின் வீட்டு முன்பக்கம் பத்தொன்பது படிகள்.
சாய்தளம் போடலாமா என்றாள்.
படிகளின் உயரத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் பெருக்கினேன்.
சாய்தளம் தெருவைக் கடந்து
எதிர்வீட்டு ஹாலுக்குள் போய் முடிந்தது.

கொல்லைக்குப் போனோம்.
மலை அங்கே எங்களுக்கு முன்பே ஏறி நின்றிருந்தது:
பின்சந்தும் மேடும் ஒரே மட்டம்.
கார்க் கொட்டகையை இடித்தால்
நானூற்று ஐம்பது சதுர அடி.

யாருக்கு என்றேன்.
"ஆரனுக்கு. என் முன்னாள் கணவன்.
தாதுக்கப்பல் துறையில் விழுந்தவன்.
ஒன்பது வருஷம் முன்னால்,
இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று
சொல்லிவிட்டுப் போனான்.
அதனால் படி வைக்காதே.
சொன்ன சொல் தவறாமல் வந்து சேரட்டும்."

வரைபடம் போடுகிறவள்
காரணம் கேட்கக் கூடாது.
அளவு கேட்கலாம்.

மளிகைக்கடை மூடிய ஞாயிற்றுக்கிழமை
அதன் கார் நிறுத்துமிடத்தில்
வீட்டை முழு அளவில் சாக்கட்டியால் வரைந்தேன்.
ஆரன் சக்கர நாற்காலியில் வந்தான்,
இல்லாத சுவர்களை மதித்து, வாசல் வழியாகவே.
குளியலறையில் ஒரு முழு வட்டம். ஐந்தடி, சரி.
அடுப்படியில் மாட்டிக்கொண்டான்.
காலால் கோட்டை அழித்து
ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.
ஜன்னல், மூன்றரை அடி உயரம் என்று
தரையில் எழுதியிருந்ததைப் படித்தான்.
"இது உன் கண்ணுக்கு" என்றான்.
"என் கண் இங்கே இருக்கிறது."
அவன் பக்கத்தில் குந்திப் பார்த்தேன்.
அந்த உயரத்தில் உலகம்
கார்க் கைப்பிடிகளும் காரினுடைய கோட்டுப் பையும்.

பணமோ எண்ணிச் சுட்ட பணியாரம்.
மூன்றடுக்குக் கண்ணாடியின் விலை கேட்டு
காரின் உட்கார்ந்துவிட்டாள்.
இரவெல்லாம் பட்டியலைத் துழாவி
மேல் அலமாரிகளை அடித்தேன், அத்தனையும்.
அவனுக்கு எட்டாத ஏழு கதவுகள்
ஒரு ஜன்னலுக்குக் காசு கொடுத்தன.
தரையிலிருந்து இரண்டடியில் தொடங்குகிறது அது.
தெற்கு வெயில்.
இரண்டு கூரைகளுக்கு நடுவே
ஒரு சாண் ஏரி.

ஓரடிக் கனச் சுவர்களுக்குள்
அரைத்த பழைய செய்தித்தாளை ஊதி நிரப்பினோம்.
"நம் விவாகரத்து அறிவிப்பும் இதில் இருக்கும்" என்றாள்.
"இருக்கட்டும். இப்போதாவது கொஞ்சம் சூடு தரட்டும்."

காற்றுச் சோதனை அன்று
கதவில் விசிறி பொருத்தி வீட்டை உறிஞ்சினோம்.
மூலை மூலையாகப் புகைக்குச்சி பிடித்துப் போனேன்.
எங்கும் நேராக நின்ற புகை
வாசலடியில் மட்டும் உள்பக்கம் சாய்ந்தது.
படியை எடுத்துவிட்டோம்,
படி பார்த்த வேலையை யார் பார்ப்பது?
கதவு சாத்தும்போது தானே இறங்குகிற
ரப்பர் நாக்கு ஒன்று.
நாற்பத்தெட்டு டாலர்.
அதற்கும் காரின் முகம் சுருங்கியது.

ஜனவரியில் மைனஸ் முப்பத்தொன்று.
மின்சாரம் போன இரண்டாம் இரவு
பெரிய வீட்டில் குழாய் வெடித்தது.
கொல்லை வீட்டில் பன்னிரண்டு டிகிரி:
பகல் வெயில் மிச்சம்,
ஓர் உடம்பு,
ஒரு மெழுகுவர்த்தி.
காரின் கம்பளியும் கையுமாகப் பனியில் நடந்து போய்
இருட்டில், இல்லாத படிக்குக் காலைத் தூக்கி
தடுமாறி உள்ளே விழப் பார்த்தாளாம்.
ஆரன் கேட்டது என்னவோ
"கதவைச் சாத்து, சூடு போகுது."

இதெல்லாம் அவள் சொல்லவில்லை.
குழாய்க்காரர் சொன்னார்.

அவள் ஏப்ரலில் கூப்பிட்டது
வேறொரு சின்ன வேலைக்கு.
கொல்லை வீட்டு அடுப்படியில்
மேல் அலமாரி ஒன்று. ஒரே ஒரு கதவு.
நின்றால் எட்டுகிற உயரத்தில்.

யார் நின்றால் என்று நான் கேட்கவில்லை.
எத்தனை அங்குலம் என்றேன்.