மூச்சு மிச்சம்

ஒன்பது வருடமாய்
தெர்ஸா மரமேறுவதைக் காதால்தான் பார்த்திருக்கிறேன்.
முப்பது மீட்டருக்கு மேல் இலை மூடிக்கொள்ளும்.
அப்புறம் வாக்கி-டாக்கியில் வரும் மூச்சுதான் அவள்.
புஸ், புஸ். எண்ணிக்கொண்டிருப்பேன்.
நாற்பதில் ஒரு நிறுத்தம்.
அறுபதில் ஒரு கெட்ட வார்த்தை.
உச்சியில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது.
கீழே கயிற்று நுனியைப் பிடித்தபடி
நானும் இளைப்பேன், ஒன்றும் செய்யாமலே.

போன குளிர்காலத்தில்
அவள் வலது தோளைத் திறந்து தைத்தார்கள்.
டாஸ்மேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கிலோ
நெருப்பு தின்ற சரிவுக்கு விதை வேண்டும்.
விதை எண்பத்திரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது.
தைல மரம்தான். யாருக்கும் குனிவதில்லை.

ஆகவே இந்த யந்திரம்:
ஒரு பேட்டரி, ஒரு சக்கரம்.
கயிற்றை வாயால் விழுங்கி
வால் பக்கம் துப்பும்.
இடுப்பு வாரில் மாட்டி
ஓரடி உயரத்தில் தொங்கவிட்டுச் சோதித்தோம்.
தராசில் தொங்கும் மீன் மாதிரி இருக்கிறாய் என்றேன்.
சிரித்தாள். பொத்தானை அழுத்தினாள்.
போயே விட்டாள்.

வாக்கி-டாக்கியில் மூச்சு இல்லை.
தையல் மிஷின் போல ஓர் இரைச்சல்,
அதற்கு மேலே
பாட்டு.
சுதி துளியும் சேராத பாட்டு.
இவள் பாடுவாள் என்றே எனக்குத் தெரியாது,
இவ்வளவு மோசமாகப் பாடுவாள் என்றும்.
பிறகு தங்கை கல்யாணத்தில் நடந்த சண்டை,
பல் மருத்துவர் போட்ட பில்,
நான் கொண்டுவரும் காபி கழுநீர் என்றொரு தீர்ப்பு.
ஒன்பது வருடமாய்
மூச்சில்லாமல் தள்ளிப்போன பேச்செல்லாம்.
மறுபடி பாட்டு.

சட்டென்று அறுந்தது.
மோட்டாரும்.

யந்திரத்துக்குக் கண் இல்லை.
கையால் ஏறுகையில் கிளை தட்டினால் கை நிற்கும்;
இது கிளைக்குள்ளேயே ஆளை இழுக்கும்.
பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் போதும்.
எடுத்தால்.

"தெர்ஸா?"

புஸ்.
புஸ்.
பதினேழு வரை எண்ணினேன்.

"பட்டுப்போன கிளை" என்றாள்.
"ஹெல்மெட்டைத் தொட்டது. நிறுத்திவிட்டேன்."
கொஞ்சம் பொறுத்து,
"கையால் வந்திருந்தால் பத்து மீட்டர் கீழேயே பார்த்திருப்பேன்."

அப்புறம் பாடவில்லை.
அண்ணாந்தபடியே போயிருக்க வேண்டும்,
மோட்டார் விட்டு விட்டு உறுமியது.

மாலையில் மூன்று சாக்குக் காய்.
உள்ளே விதை என்று பார்த்தால்
கடுகுக்கும் கீழே.
வண்டியின் பின்னால் யந்திரம் சார்ஜில் கிடந்தது,
சிவப்புப் புள்ளியைச் சிமிட்டிக்கொண்டு.
அவள் தோளுக்கென்று நான் எப்போதும் கொண்டுவரும்
ஐஸ் பெட்டியைத் திறந்தாள், வலது கையால்.
இரண்டு பீரை அதில் புதைத்தாள்.

"அந்தப் பாட்டில் அடுத்த வரி என்ன?" என்றேன்.
"மறந்துபோச்சு" என்றாள்.
"அங்கேதான் கிளை வந்தது."