சான்றுப்பொருள் நான்கு

மண்வெட்டி இரண்டு, தேசிக்காய் ஒன்பது,
சேவல் இறகு ஒரு பிடி, பிறகு இது.
புதையல் தோண்டியவர்கள் தண்டம் கட்டிப் போய்விட்டார்கள்.
தேசிக்காய் கறுத்துக் கோலிக்குண்டு போலாகிவிட்டது.
தலையைப் பொறுப்பேற்க வந்திருக்கிறேன்,
நூதனசாலைக் கடிதத்தோடும்
கழுவிக் காயவைத்த உரச் சாக்கோடும்.

"தலை மட்டும்தானா?" என்றார் பதிவாளர்.
"தலை மட்டும்தான். உடல் கிடைக்கவில்லை."
கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன்.
வாசல் வாங்கில்
வேறொரு வழக்குக்கு வந்திருந்தவள்
லமினேட் செய்த படத்தோடு எழுந்து நின்றாள்.
சாக்கின் வாயை விரித்துக் காட்டினேன்.
கல்.
திரும்ப இருந்தாள்,
படத்தை மடியில் கவிழ்த்து.

நிஸ்தாரின் ஆட்டோவில்
இரண்டு வயதுப் பிள்ளையின் பாரம்.
பள்ளம் வரும்போதெல்லாம் அதன் நாடி என் தொடையில் குத்தியது.
மூக்கு பாதி. இமை முழுதாய் மூடவில்லை,
பகல் தூக்கத்திலும் ஆளரவம் கேட்பவர் மாதிரி.
"எங்கேருந்து?" என்றான் கண்ணாடியைப் பார்த்து.
"காட்டுக்குள்ள, ஒரு பழைய பள்ளி."
"எங்கட பள்ளியில உருவம் வைக்கிறேல்லையே."
"இது வேற பள்ளி. பிக்குகள் இருந்தது."
யோசித்தான்.
"அப்ப ஆளுக்குத் தனிக் கூலி வேணாம்."

பஸ் நிலையத்தடியில் மான்கள்
சுவரொட்டியை உரித்துப் பசையை நக்கிக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் மெல்லுவதை நிறுத்தி
ஆட்டோவுக்குள் பார்த்தது.
ஹோர்ன் அடித்தோம். விலகவில்லை.
சுற்றிக்கொண்டு போனோம்.

படிவத்தில்
பொருள்: கருங்கல்.
காலம்: சோழர், கேள்விக்குறியோடு.
கிடைத்த இடம்: பள்ளி.
"எத்தனையாம் ஆண்டு வரைக்கும்?" என்றான் புதிதாய்ச் சேர்ந்த பையன்.
சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும்
என்று சொல்லத் தோன்றியது.
அந்தக் காட்டிலேயே, வேறொரு துண்டுக் கல்லில்
அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள் தமிழில்,
விளக்கெரிக்கப் பசு கொடுத்த எவரோ ஒருவருக்காக.
பசு இருக்கிறது, விளக்கு இருக்கிறது,
பெயர் இருந்த மூலை இல்லை.

யாருடையது என்று கேட்கும் கட்டம்
இரண்டு விரல் அகலம்.
அதற்குள் எழுதச் சொல்லிக்
கொழும்பிலிருந்து இரண்டு தரம் கோல் வந்தது.
தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

சேதம்: மூக்கு, இடது காதுமடல்.
வலது காதுக்குள் குளவி மண்ணால் வீடு கட்டியிருக்கிறது.
சுரண்டச் சொல்லிப் பிரஷ் தந்தார்கள்.
என் காதை அந்தக் காதில் வைத்தேன்.
உள்ளே ஏதோ சின்னதாய்ப்
புரண்டு படுத்தது.

குறிப்பு: குடியிருப்பு உண்டு.
கையொப்பமிட்டுத் திகதி போட்டேன்.
போகும்போது
துறைமுகப் பக்கத்து ஜன்னலைச் சாத்தவில்லை.
மழை வந்தால் பார்க்கலாம்.