லைன் கிளியர்

படிவத்தில் பதினொரு வரி.
ஓசூர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில்
சாலம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
தொடை இடுக்கில் ரத்தம் கட்டலாம்.
இதயச் சுவரில் ஓட்டை விழலாம், உறைக்குள் ரத்தம் தேங்கலாம்.
மூளைக்குப் போகும் குழாயை ஒரு கட்டி அடைக்கலாம்.
"எல்லாத்துக்கும் லாம், லாம்னு போட்டிருக்குதே,
ரேடியோவுல மழை சொல்ற மாதிரி."

நான் ஏழாவது வரியில் நின்றுவிட்டேன்.
நூறு பேரில் ஒருவருக்கு
மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே
மின்பாதை அறுந்துபோகலாம்.
பேஸ்மேக்கர் பொருத்த வேண்டிவரும்.

சாவு ஒன்பதாவது வரியில் இருந்தது.
அதைச் சும்மா தாண்டிப் போனேன்.

ராயக்கோட்டையில் நான் லைன்மேன்.
நெஞ்சில் கருவி வைத்தவனை
பதினோரு கே.வி. கம்பத்தில் ஏற்ற மாட்டார்கள்.
ஆபீசில் உட்காரவைத்து
ரசீது அடுக்கச் சொல்வார்கள்,
ஓய்வு பெறும்வரை, மின்விசிறிக்குக் கீழே.

டாக்டர் நஸ்ரின் மருந்துச்சீட்டின் பின்புறம் வரைந்தார்.
"ஒரு வழி அதிகமா இருக்கு. கரண்ட் அதுல சுத்திச் சுத்தி வருது.
அதை மட்டும் சுட்டுடுவோம்."
"நல்ல வழி எவ்வளவு தள்ளிம்மா?"
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.
யோசித்து, நகத்தில் பாதியைக் காட்டினார்.

இருசப்பனுக்கு எல்.சி. முறையாகத்தான் கொடுத்தார்கள்,
துணைமின் நிலையத்தில் சுவிட்சைத் திறந்து,
பதிவேட்டில் நேரம் எழுதி.
தக்காளி மண்டியில் எவனோ ஜெனரேட்டர் போட்டான்.
பின்வழியாக ஏறியது.
அந்தப் பக்கத்தில் பத்து நாற்பதுக்கு நேராக
இன்னும் 'லைன் கிளியர்' என்றே இருக்கிறது.

மேசை சில்லென்றிருந்தது. பாதி முழிப்பு.
முதலில் அவர்களே வரவழைத்தார்கள்,
நூற்றுத் தொண்ணூறு:
தண்ணீரில்லாத கிணற்றில் மோட்டார் ஓடும் அதே ஓட்டம்.
பிறகு சூடு. வலி என்று சொல்ல முடியாது,
தோளுக்குள் யாரோ பீடி அணைக்கிற மாதிரி.
பீப். பீப். பீப்.
ஒன்று வரவில்லை.

பெடலிலிருந்து அவர் கால் எழுந்ததை
செருப்புச் சத்தத்தில் கேட்டேன்.
அடுத்ததும் வரவில்லை.
ஒருவரும் பேசவில்லை.
அந்த அமைதி எனக்குத் தெரியும்,
ஃபீடர் போனதும் ஊர் முழுக்க மோட்டார்கள் நிற்கும்போது வருவது.

அப்புறம் வந்தது.
ஒன்று. அதன் இடத்தில் இன்னொன்று.

"இதோட நிறுத்திக்கறேன். முழுசாப் போகலை, திரும்ப வரலாம்.
இதுக்கு மேல சுட்டா நல்லதும் போயிடும்."
மாஸ்க்குக்கு மேலே அவர் நெற்றி வேர்த்திருந்தது.
எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

ஆறு மணி நேரம் கால் மடக்காமல் கிடந்தேன்.
முதல் வரி மட்டும் பலித்தது:
நாவல்பழ நிறத்தில் முழங்கால்வரை இறங்கி,
பச்சையாகி, மஞ்சளாகி,
மூன்றாவது வாரம் போனது.
சாலம்மா தினமும் சாண் வைத்து அளந்தாள்.

ஐப்பசி மழையில் கெலமங்கலம் ரோட்டில் ஜம்பர் அறுந்தது.
உச்சியில் இருக்கும்போது பிடித்துக்கொண்டது.
பெல்ட்டை இறுக்கி, மூக்கைப் பிடித்து,
நஸ்ரின் சொல்லித்தந்தபடி அடிவயிற்றால் முக்கினேன்.
முப்பத்தேழு எண்ணியதும் நின்றது.

கீழேயிருந்து ஹெல்ப்பர் பையன் கத்தினான்:
"அண்ணே, கிளியரா?"

"இரு" என்றேன்.
கழுத்தில் இரண்டு விரல் வைத்து
இன்னொரு முப்பது எண்ணினேன்.