கத்து

வஃப்ராவுக்கு வந்த அன்று
முதலாளி முஸாயித் என் பெயரை இரண்டு முறை கேட்டார்.
காத்தமுத்து என்றேன்.
மூன்றாம் முறை அவரே "கத்து" என்று வெட்டி நிறுத்தி
தொப்பை குலுங்கச் சிரித்தார்.
போர்மேன் ஷஹாத்தாவும் சிரித்தான், அவன் மிஸ்ரி.
கத்து என்றால் இங்கே பூனையாம்.

வேலையும் அப்படித்தான் வந்தது.

வெள்ளரிக் கூடாரம் பதினாறு.
ஜூலையில் எலிக்குப் பசியைவிடத் தாகம் பெரிது.
சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக்
குடித்துவிட்டுப் போகும்,
அடைத்துவிட்டுப் போகத் தெரியாது.
விடிந்து பார்த்தால் நாலாம் வரிசை குளம்,
ஐந்தாம் வரிசை கருவாடு.

வாலுக்குக் கால் தினார்.
உடம்பு வேண்டாம், வால் போதும் என்றார் முதலாளி.
டூனா மீன் டப்பாவில் போட்டு வைத்து
வியாழக்கிழமை எண்ணிக் கொடுப்பேன்.
ஷஹாத்தா மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணுவான்.
பொத்தினாலும்
ஒன்று குறைத்துத்தான் எண்ணுவான்.

மொஃபிஸுக்கு வங்காளத்தில் நெல்வயல்.
வளைக்கு எப்போதும் இரண்டு வாய்,
ஒன்றில் புகை போடு, மற்றதில் நில் என்பான்.
இங்கே மண்ணா இருக்கிறது புகையைப் பிடித்து வைக்க?
மணல்.
தோண்டத் தோண்டச் சரிந்து
எலி இருந்த இடத்தை எலிக்கே மறக்கடிக்கும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள்.
எங்கள் கேபினில் ஆறு பேர், ஒரு ஏசி,
அதுவும் மத்தியானம் மூச்சை விட்டுவிடும்.
ஒருநாள் பேரீச்சை மரத்தடி வளைக்குள் கை விட்டேன்.
ஜில்லென்று இருந்தது.
எலி பிடிக்கிறேன் என்ற பெயரில்
தோள்வரை உள்ளே விட்டு
கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன்.

கட்டிலடியில் என் பெட்டி.
ஊருக்குப் போவதற்காக இரண்டு வருஷமாய் நிரம்புகிறது:
டாங்க், கோடாலித் தைலம், நாலு சோப்பு,
புலிப் படம் போட்ட கம்பளி, நாலரை தினார்.
நேற்று ராத்திரி பெட்டிக்குள் ஏதோ முனகியது.
டார்ச் அடித்தேன்.
புலியின் காதைக் குடைந்து
உள்ளே ஏழு குஞ்சு.
உரித்த இறால்போலக் கிடந்தன,
கண் திறக்கவில்லை.

ஏழு வால், ஒன்றே முக்கால் தினார்.
கம்பளியைக் கழித்தால்
இரண்டே முக்கால் நஷ்டம்.
வாலா அது, நூல்.
ஷஹாத்தா அரைவால் என்று எழுதுவான்.

கத்தி வெளியே தண்ணீர்த் தொட்டிமேல் இருந்தது.
எடுத்துக்கொண்டு திரும்பினால்
பெட்டிக்குள் தாய்.
டார்ச்சை அணைத்தேன்.
வாசல் விளக்கு வெளிச்சம் போதும் அவளுக்கு, எனக்கும்.

வாயில் ஒன்றைக் கவ்வி
கட்டில்கால் ஓரமாய்
மொஃபிஸின் செருப்பு தாண்டி
ஏசிக் குழாய் ஓட்டைக்குள் போனாள்.
வந்தாள். இரண்டு.
மூன்றாவதைத் தூக்கும்போது நின்று என்னைப் பார்த்தாள்.
என் பெயரை
யாரும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஏழும் போயிற்று.

எட்டாம் முறையும் வந்தாள்.
கம்பளியை மூக்கால் புரட்டினாள்,
அந்த மூலை, இந்த மூலை,
சோப்புக்குப் பின்னால்,
மறுபடி புலியின் காதுக்குள்.
எண்ணத் தெரியாது அவளுக்கு.
ஏழுதான், என்றேன் வாய்விட்டு.
ஐந்து குறட்டைக்கு நடுவே
தமிழில் சொன்னேன்.
அவள் இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

காலையில் நாலாம் வரிசைக் குழாய் சீறிக்கொண்டிருந்தது.
டேப் சுற்றிவிட்டு வந்தேன்.
வியாழக்கிழமை.
டப்பாவைக் கவிழ்த்தான் ஷஹாத்தா.
"மூணே மூணா, கத்து?"
மியாவ் என்றேன்.
மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
பிறகு விரலால் தள்ளித் தள்ளி எண்ணி
நோட்டில் எழுதினான்,
இரண்டு.