காலி எடை

மில் மூடிப் பதினோரு வருஷம்.
எடை மேடையை மூடவில்லை.
ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம்
நெடுஞ்சாலைத் தூசி வந்து உட்காரும் தகர அறையில்
நான்தான் ரசீது எழுதுகிறேன்.
லாரி ஏறும். எண் நடுங்கும். நிற்கும்.
பார எடை, காலி எடை, கழித்தால் சரக்கு.
அறுபது ரூபாய்.

தடா பக்கத்து டிரைவர்கள்
ஜன்னலில் முகம் வைத்து "எந்த?" என்பார்கள்.
தெலுங்கில் அது எவ்வளவு.
வந்த புதிதில் எனக்கு அது எது.
எந்த லாரி, எந்த லோடு என்று
திருப்பிக் கேட்டு வசை வாங்கியிருக்கிறேன்.

மில்லும் இந்த மேடையில் ஏறித்தான் போனது.
முதலில் உருளைகள்,
பிறகு உலைக்கதவு, கிரேனின் கை,
கூரைத் தகடு, கேன்டீன் பெஞ்சு.
ஸ்ரீ பத்மா ரீ-ரோலிங் என்ற பலகையில்
பத்மா ஒரு நாள், ரோலிங் மறுநாள்.
சங்கைக் காணோம் என்று பின்னால் பேச்சு வந்தது.
ஏதோ ஒரு லோடில் போயிருக்கும்.
பதினாறு டன் முந்நூற்று இருபதில்
எந்த இருபது கிலோ அது என்று எழுத
ரசீதில் கட்டம் இல்லை.

குடியிருக்க மோசமில்லை. வாடகை குறைவு.
மில்லுக்கென்று இழுத்த கரண்ட் லைன்
இன்னும் மில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வருவதால்
சுற்றிலும் இருட்டினாலும் எங்கள் நாலு தெருவில் ஃபேன் ஓடும்.
மே மாதம் சொந்தக்காரர்களுக்கு எங்கள் மேல் பாசம் பொங்கும்.
தண்ணீர்தான்.
வெள்ளைச் சட்டை மூன்றாம் துவையலில் செங்கல் நிறம்.
கும்மிடிப்பூண்டி பள்ளிக்கூடத்தில்
யூனிஃபார்மைப் பார்த்தே "மில் ஸ்டாப்பா?" என்பார்களாம்.
என் மகள் ஸ்வெட்டர் கேட்கிறாள்,
இந்த வெயிலில்.

அவள் அப்பா உலையில் நின்றவர்.
இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம்
கண்ணாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி.
ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை,
வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிச் சுவரில்
முதுகை ஒட்டி நிற்கிறார், சூடு ஆறும்வரை.

புரோக்கர் இருதயராஜ்
உலை இருந்த இடத்தில் மஞ்சள் கல் நட்டு
கார் வைத்துக் கூட்டி வருகிறார்.
முன்னால் இங்கே என்ன இருந்தது என்றால்
மாந்தோப்பு என்கிறார்.
கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் மறுக்கவில்லை,
நான் உட்பட.
மாந்தோப்பு என்றால் எங்கள் வீட்டுக்கும் விலை கூடும்.

முனிரத்தினத்தின் பையன்
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
நாய்க்குட்டி போலத் தெருத்தெருவாக இழுக்கிறான்.
சாயங்காலத்துக்குள் அதற்கு மயிர் முளைத்துவிடும்,
கறுப்பாக, சிலிர்த்து.
கால் கிலோ சேர்ந்தால் கடைக்காரர் ஐந்து ரூபாய் தருவார்.
அக்கா, எடை போடு என்றான்.
இது இருபது இருபதாகத்தான் எண்ணும்டா என்றேன்.
நம்பாமல் மேடையில் ஏறினான்.
பள்ளிக்கூடக் கணக்கில் இருபத்தெட்டு கிலோ.
திரையில் இருபது.
நான் ஏறினேன்.
ஆஸ்பத்திரி முள்ளில் ஐம்பத்திரண்டு.
திரையில் அறுபது.
இரண்டு பேரும் ஏறினோம். எண்பது.
கணக்கு சரிதான்,
அவனிடம் எடுத்த எட்டை எனக்குத் தந்திருந்தது.
"குடு" என்று கை நீட்டினான்.
பத்து ரூபாய் கொடுத்தேன்.

ஐப்பசி மழையில்
யாரும் ஏறாமலே திரையில் இருபது நிற்கிறது.
மெக்கானிக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.
தண்ணீர், சேறு, பழைய இரும்புத்தூள்.
பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கு, போதும் என்றார்.
காலையில் அழுத்துகிறேன்.
மத்தியானம் திரும்ப வந்து நிற்கிறது.

ஜன்னலில் ஒரு முகம், நனைந்து.
"எந்த?"
லாரியை ஏற்றாதே, கொஞ்சம் இரு என்கிறேன்,
இருபது இன்னும் இறங்கவில்லை.