ஒன்பதே முக்கால்

டிசம்பரில் ஏறப்போகும் மலைக்காக
முதுகைப் பழக்குகிறோம்.
என் பையில் பத்துக் கிலோ அரிசி,
அதன்மேல் இட்லிப் பொட்டலம்.

புக்கிட் தீமா உச்சியில்
உயரம் எழுதிய பாறையோடு படமெடுக்க
வரிசை நிற்கிறது, கோழிச்சோற்றுக் கடைபோல.
"பாறை எங்கயும் ஓடிடாது, வா" என்றாள் ஹஸ்லினா.

பேருந்து பிடித்து
கிளமெண்டிக் காட்டோரம் இறங்கினோம்.
பலகை இல்லை, படிக்கட்டு இல்லை.
பழைய தண்டவாளம் ஒன்று
கொஞ்ச தூரம் கூடவே வந்து
சேற்றில் இறங்கி, சொல்லாமல் போய்விட்டது.

முழங்கால்வரை பச்சை.
யாரோ கொண்டுவந்து போட்ட நாற்காலியில்
நேற்றைய மழை உட்கார்ந்திருந்தது.
நின்றபடியே இட்லியைத் தின்றோம்,
நசுங்கி ஒன்றாகிப்போனதை
இரண்டாகப் பிய்த்து.

தொலைந்துவிட்டோம் என்று சொல்ல ஆசைதான்.
மரங்களுக்கு அப்பால்
விரைவுச்சாலை இரைந்துகொண்டே இருக்கிறதே!
இந்தத் தீவில் தொலைவதற்கு
இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம்.

வீட்டில் அரிசியை நிறுத்தேன்.
ஒன்பதே முக்கால்.
மூட்டையில் முள் கிழித்த ஓட்டை,
சுண்டுவிரல் நுழையும் அளவு.

எறும்போ புறாவோ
இந்நேரம் அங்கே
நாங்கள் வந்த வழியைத்
தின்றுகொண்டிருக்கும்.